எண்ணும் கருவிகளின் கதை – 14: பள்ளிப் பையில் ஒரு கணினி

1974 சனவரி 14, பொங்கல் திருநாள். திருச்சி, தஞ்சை மாவட்டங்களிலிருந்து பிரித்தெடுத்த பகுதிகளைச் சேர்த்துப் புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆன நாள். அதே சனவரி மாதம் அமெரிக்காவில் ஹியூலட்-பேக்கார்டு நிறுவனம் எச்பி-65 என்ற கால்குலேட்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. விலை 795 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் ஆறாயிரம் ரூபாய்க்கு மேல். கைக்குள் அடங்கும் அந்தக் கருவியில் 100 படிகள் கொண்ட நிரல் ஒன்றை எழுதலாம். எழுதியதைச் சிறு காந்த அட்டையில் பதிந்து வைத்துக்கொள்ளலாம். மறுநாள் அட்டையைச் செருகினால் நிரல் அப்படியே திரும்பி வரும். கையில் பிடிக்கும் கருவியில் இந்த வசதி அதற்கு முன் இல்லை.

நிரல் என்றதும் பெரிதாக எதையும் எண்ண வேண்டாம். எந்தப் பொத்தானுக்குப் பிறகு எந்தப் பொத்தான் என்ற வரிசை, அவ்வளவுதான். குடுமியான்மலைக் குன்றில் இருக்கும் பழைய இசைக் கல்வெட்டைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். சுரங்கள் நான்கு நான்காக வரிசை கட்டி நிற்கின்றன. வாசிக்கத் தெரிந்தவர் அந்த வரிசையைப் பின்பற்றினால் இசை பிறக்கும். எச்பி-65இல் வாசிப்பவரின் வேலையைக் கருவியே செய்தது. 1975 சூலையில் அமெரிக்க, சோவியத் விண்கலங்கள் விண்வெளியில் இணைந்த அப்பல்லோ-சோயுஸ் பயணத்தில் இந்தக் கருவியும் போனது.

புதுக்கோட்டையில் 1974இல் கணக்குப் படித்த பிள்ளைகளிடம் இருந்தது லாகரிதம் அட்டவணைப் புத்தகம். பொறியியல் படித்தவர்களிடம் ஸ்லைடு ரூல் இருந்தது. கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கூட்டும் ஃபேசிட் இயந்திரம் பெரிய அலுவலகங்களில் மட்டும். மின்னணுக் கால்குலேட்டர் என்பது பெரும்பாலும் சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ ஊர் திரும்பியவர்களின் பெட்டியில் வந்தது, அதுவும் நான்கு கணக்குப் போடும் சாதாரணக் காசியோ. எண்ணும் கருவி ஒன்றுக்கு நாமே ஒரு வேலையைச் சொல்லிக் கொடுக்கலாம் என்ற எண்ணம் நம் பக்கத்து வகுப்பறைக்கு வந்துசேர இன்னும் வெகுகாலம் ஆயிற்று. இந்த வாரக் கதை அந்த எண்ணத்தைப் பற்றியது. கதையின் பெரும்பகுதி அமெரிக்காவில் நடக்கிறது. ஆனால் அதன் கடைசிப் பக்கம் நம்மிடம் இருக்கிறது என்று நம்புகிறேன்; ஏன் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

எச்பி-65 வந்த அதே 1974இல் அதை வாங்கியவர்கள் சிலர் ஒரு சங்கம் அமைத்தார்கள். ரிச்சர்டு நெல்சன் என்பவர் தொடங்கியது. எழுதிய நிரல்களை அச்சிட்டுத் தபாலில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். இதில் யாருக்கும் சம்பளம் இல்லை. 1979இல் எச்பி-41சி வந்தபோது இந்தச் சங்கத்தாரின் ஆர்வம் வேறு தளத்துக்குப் போனது. அந்தக் கருவியின் நினைவகத்தில் வழக்கத்துக்கு மாறான சில பைட்டுகளைப் புகுத்தினால், கையேட்டில் எங்குமே இல்லாத கட்டளைகள் உருவாவதைக் கண்டார்கள். திரையில் புதிய குறிகள் தோன்றின. வெளியார் கைவைக்க முடியாதபடி மறைத்திருந்த உள் பதிவேடுகளைத் தொட முடிந்தது. வில்லியம் விக்ஸ் என்ற இயற்பியலாளர் 1980இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? விக்ஸைத் தன்னிடமே வேலைக்குச் சேர்த்துக்கொண்டது. பின்னாளில் எச்பி-28சி (1987), எச்பி-48எஸ்எக்ஸ் (1990) ஆகிய கருவிகளின் வடிவமைப்பில் முன்னின்றவர் அவர்தான். கருவியைக் குடைந்து பார்த்தவனே கருவியைச் செய்யவும் தகுந்தவன் என்று ஒரு நிறுவனம் முடிவெடுத்த அந்தத் தருணத்தைக் கணினி வரலாற்றின் நல்ல பக்கங்களில் ஒன்றாகக் கருதுகிறேன். இதே கதையில் இன்னொரு நிறுவனம் எப்படி நடந்துகொண்டது என்பதைச் சற்றுப் பொறுத்துப் பார்ப்போம்.

1985இல் காசியோ எஃப்எக்ஸ்-7000ஜி வெளியானது. சமன்பாட்டைக் கொடுத்தால் அதன் வளைகோட்டைத் திரையில் வரைந்து காட்டும் முதல் கால்குலேட்டர் அது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1990இல் டிஐ-81ஐக் கொண்டுவந்து இதே சந்தையில் இறங்கியது. இந்த நிறுவனத்துக்குக் கால்குலேட்டர் புதிதல்ல. ஜாக் கில்பியும் அவர் கூட்டாளிகளும் 1967இல் கையடக்கக் கால்குலேட்டரின் முதல் மாதிரியைச் செய்தது இங்கேதான். நம் பக்கத்தில் பெங்களூருக்கு 1985இல் வந்து, செயற்கைக்கோள் தொடர்புக்கான கருவியை மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுபோன கதைக்கும் இதே நிறுவனம்தான் சொந்தக்காரர்.

டிஐ கால்குலேட்டர் அமெரிக்கப் பிள்ளைகளின் பையில் ஏறியதற்குக் காரணம் தேர்வு. கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வில் 1994 முதல் கால்குலேட்டர் அனுமதி. கல்லூரிப் பாடத்துக்கு இணையான நுண்கணிதத் தேர்வில் 1995 முதல் வரைபடக் கால்குலேட்டர் கட்டாயம். எந்த மாடல் ஏற்கப்படும் என்பதைத் தேர்வு வாரியம் சொன்னது, ஆசிரியர்கள் டிஐயைச் சொல்லிக் கொடுத்தார்கள், பெற்றோர் வாங்கினார்கள். கணக்குத் தேர்வுக்கு என்று வாங்கிய பொருளுக்குள் இசட்80 செயலி இருந்தது. 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் எத்தனையோ வீட்டுக் கணினிகளை இயக்கிய அதே சில்லு. ஆக, கணினி வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளையின் பையிலும் ஒரு கணினி இருந்தது. வகுப்பு சலிப்பூட்டும்போது எடுத்துப் பார்க்க அது கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது.

கருவியோடு ஓர் எளிய நிரல்மொழி வந்தது. பிள்ளைகள் அதில் விளையாட்டு எழுதிப் பார்த்தார்கள், மெதுவாக ஓடியது. ஒவ்வொரு வரியையும் கருவி படித்து, பொருள் கண்டு, பிறகு செய்வதால் வந்த தாமதம் அது. செயலியின் சொந்த மொழியிலேயே எழுதினால் பல மடங்கு வேகம் வரும். ஆனால் அந்த வாசலை டிஐ வைக்கவில்லை.

வாசல் 1994இல் டிஐ-85இல் திறந்தது, அதுவும் பக்கவாட்டில். டிஐயின் வரைபடக் கால்குலேட்டர்களில் அந்த மாடலில்தான் முதன்முறையாக இரண்டு கால்குலேட்டர்களை, அல்லது கால்குலேட்டரையும் கணினியையும், கம்பியால் இணைக்கும் வசதி வந்திருந்தது. நினைவகம் முழுவதையும் கணினியில் நகலெடுத்துப் பத்திரப்படுத்தலாம். வேண்டும்போது திரும்ப ஏற்றலாம். நகலைக் கணினியில் வைத்துத் திருத்தினால் என்ன ஆகும் என்று மாணவர்கள் சிலர் யோசித்தார்கள். பயனர் தமக்கு விருப்பமான கட்டளைகளை அடுக்கி வைத்துக்கொள்ளும் 'கஸ்டம்' பட்டியல் ஒன்று அதில் உண்டு. அந்தப் பட்டியலின் ஓர் இடத்தை, தாங்கள் எழுதிவைத்த இயந்திர மொழிக் கட்டளைகளைச் சுட்டும்படி நகலில் மாற்றினார்கள். திருத்திய நகலை ஏற்றிவிட்டு அந்தப் பொத்தானை அழுத்தினால், கருவி ஒன்றும் அறியாமல் அங்கே போய் அவர்கள் எழுதியதை ஓட்டியது. இசட்ஷெல் என்ற சிறு மென்பொருள் இப்படிப் பிறந்தது. நிரல்களைப் பட்டியலிட்டுக் காட்டி, தேர்ந்தெடுத்ததை ஓட்டி, முடிந்ததும் திரும்பி வரும். இயங்குதளத்தின் விதை அதுதான்.

டிஐ-92க்கு டேவிட் எல்ஸ்வொர்த் எழுதிய ஃபார்கோ, டிஐ-83 வரிசைக்கு ஜோ விங்பர்மியூல் எழுதிய அயான், டிடாச்டு சொல்யூஷன்ஸ் குழுவினரின் மிராஜ்ஓஎஸ் என்று வரிசையாக வந்தன. பேட்ரிக் டேவிட்சனின் ஃபீனிக்ஸ் என்ற சுடும் விளையாட்டு பல மாடல்களில் ஓடியது. தொடக்கத்தில் டிஐ இவர்களைப் பகைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டிஐ-83இல் இயந்திர மொழி நிரலை ஓட்டும் கட்டளை ஒன்று கையேட்டில் இல்லாமலே உள்ளே இருந்தது. 1999இல் வந்த டிஐ-83 பிளஸில் அதற்கு வெளிப்படையான கட்டளையே கொடுத்தார்கள். நிரல் எழுதுவோருக்கு ஆவணங்களையும் வெளியிட்டார்கள்.

இங்கே சற்று நின்று, எட்டு எண்களைப் பாருங்கள்:

06 04 78 80 32 00 45 76

நம் மாவட்டத்துப் பாலிடெக்னிக்குகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் மைக்ரோபிராசசர் ஆய்வகத்தில் 8085 கிட்டின் முன் உட்கார்ந்தவர்களுக்கு இது உடனே புரியும். 06 04: பி என்ற பதிவேட்டில் 4ஐ வை. 78: அதை ஏ பதிவேட்டுக்கு நகலெடு. 80: ஏவுடன் பியைக் கூட்டு. 32 00 45: விடையை 4500 என்ற முகவரியில் எழுது, முகவரியின் பின்பாதி முதலில், முன்பாதி பிறகு. 76: நில். கிட்டில் இதை விசைப்பலகை வழியே ஒவ்வொன்றாக உள்ளிட்டு, ஓட்டி, 4500ஐத் திறந்து பார்த்தால் சிவப்பு எழுத்தில் 08 நிற்கும்.

இசட்80 செயலிக்கும் இந்த எட்டு எண்களின் பொருள் அச்சு அசல் இதேதான். இன்டெலின் 8080 என்ற ஒரே மூதாதையின் வழிவந்தவை 8085உம் இசட்80உம். இசட்80ஐ வடிவமைத்த ஃபெடரிகோ ஃபாஜின் இன்டெலில் 8080 உருவாக்கத்தில் முன்னின்றவர். வெளியே வந்து ஸைலாக் நிறுவனத்தைத் தொடங்கி, 8080இன் கட்டளைகள் அத்தனையும் ஓடும்படி 1976இல் இசட்80ஐக் கொண்டுவந்தார். விடையை எழுதும் முகவரியையும் முடிவில் இருக்கும் 'நில்' கட்டளையையும் கால்குலேட்டரின் அமைப்புக்கு ஏற்ப மாற்றிவிட்டால், நம் ஆய்வக நோட்டில் எழுதியிருக்கும் பல பயிற்சிகள் டிஐ-83 பிளஸிலும் ஓடும்.

நம் மாணவர்களுக்கு அந்த மொழி தெரியாமல் இல்லை என்பதை இந்த எண்களே சொல்கின்றன. அவர்களுக்கும் அமெரிக்கப் பிள்ளைகளுக்கும் இருந்த வேறுபாடு கருவி எங்கே இருந்தது என்பதுதான். 8085 கிட் ஆய்வக மேசையில் இருந்தது. வாரத்தில் ஒரு வேளை, மூன்று நான்கு பேருக்கு ஒன்று, ஆய்வக நோட்டில் எழுதியிருக்கும் பயிற்சி மட்டும், மணியடித்தால் மின்சாரத்தை அணைத்துவிட்டு வெளியே வர வேண்டும். டிஐ கால்குலேட்டர் பையில் வீட்டுக்குப் போனது. இரவில் போர்வைக்குள்ளும் இருந்தது. தப்பாக எழுதிக் கருவி உறைந்துபோனால் மின்கலத்தைக் கழற்றி மாட்டி மறுபடி தொடங்கலாம், திட்டுவதற்கு ஆளில்லை. ஒரு கலை கைவர இப்படிப்பட்ட நேரம் வேண்டும்.

சரி, இசட்ஷெல் போன்ற சிறு மென்பொருள்களைத் தாண்டி முழு இயங்குதளம் எழுதுவதற்கு வருவோம். டிஐ-83 பிளஸின் திரை குறுக்கே 96, நெடுக்கே 64 புள்ளிகள், மொத்தம் 6,144. ஒரு புள்ளிக்கு ஒரு பிட் என்றால் முழுத் திரைக்கும் 768 பைட் போதும். செயலியின் வேகம் 6 மெகாஹெர்ட்ஸ். ரேம் 32 கிலோபைட். அதில் பயனருக்கு 24 சொச்சம். ஃபிளாஷ் நினைவகம் 512 கிலோபைட். சிக்கல் என்னவென்றால் இசட்80 ஒரே நேரத்தில் 64 கிலோபைட்டைத்தான் பார்க்க முடியும். ஆகவே அந்த 64ஐ 16 கிலோபைட் கொண்ட நான்கு சன்னல்களாகப் பிரித்து, ஃபிளாஷில் இருக்கும் 32 பக்கங்களில் வேண்டியதை வேண்டும்போது ஒரு சன்னலில் கொண்டுவந்து மாட்ட வேண்டும். தான் ஓடிக்கொண்டிருக்கும் பக்கத்தையே நிரல் ஒன்று மாற்றிவிட்டால் அடுத்த கணமே காலடியில் தரை இருக்காது. அதனால் பக்கம் மாற்றும் வேலையை எப்போதும் மாறாத இடத்திலிருந்துதான் செய்ய வேண்டும்.

ஃபிளாஷுக்கு இன்னொரு குணம். அதில் ஒன்றைப் பூச்சியமாக்குவது எளிது. ஒரே ஒரு பூச்சியத்தைத் திரும்ப ஒன்றாக்க வேண்டுமென்றால் 64 கிலோபைட் கொண்ட ஒரு பகுதி முழுவதையும் அழித்தாக வேண்டும். அடிக்கடி அழித்தால் சில்லும் தேயும். எனவே கோப்பைத் திருத்தும்போது பழையதை அழிக்காமல் 'இது செல்லாது' என்று ஒரு குறி மட்டும் போட்டுவிட்டுப் புதியதை வேறிடத்தில் எழுத வேண்டும். இடம் தீர்ந்தபின் செல்லுபடியானவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துத் துப்புரவு செய்ய வேண்டும். இன்று நம் கைபேசிக்குள்ளும் பென் டிரைவுக்குள்ளும் நடப்பது இதே ஏற்பாடுதான். பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் இதைப் பாடநூலில் படிக்காமல், கையோடு கட்டித் தெரிந்துகொண்டார்கள்.

ஆனால் டிஐயின் இயங்குதளத்தை எடுத்துவிட்டுச் சொந்தமாக எழுதியதை ஏற்ற ஒரு தடை இருந்தது. புதிய இயங்குதளத்தைக் கம்பி வழியே அனுப்பினால், கருவியில் அழிக்க முடியாத இடத்தில் இருக்கும் தொடக்க நிரல் அதன் கையொப்பத்தைச் சரிபார்க்கும். டிஐயின் கையொப்பம் இல்லையென்றால் ஏற்காது. கையொப்பம் என்பது ஆர்எஸ்ஏ கணக்கு. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி வரும் எண் கருவிக்குள் எல்லாரும் பார்க்கும்படி இருக்கிறது. அந்த இரண்டு பகா எண்கள் எவை என்று அறிந்தவரால் மட்டுமே கையொப்பம் இட முடியும். டிஐ பயன்படுத்திய எண்ணின் நீளம் 512 பிட். பதின்ம முறையில் எழுதினால் 155 இலக்கம் வரை போகும்.

பெருக்குவது எளிது, பிரிப்பது கடினம் என்பதுதான் பூட்டு. சிறிய எண்ணில் செய்து பார்ப்போம்; பேனாவும் தாளும் போதும். 3233 எந்த இரண்டு பகா எண்களின் பெருக்கல்? 2, 3, 5, 7 என்று வகுத்துக்கொண்டே போகலாம். பதினேழாம் நூற்றாண்டில் ஃபெர்மா காட்டிய வழி வேறு. 3233க்குச் சற்று மேலே இருக்கும் வர்க்க எண்ணைத் தேடுங்கள்: 57 × 57 = 3249. இதிலிருந்து 3233ஐக் கழித்தால் 16. அதுவும் ஒரு வர்க்கம், 4 × 4. இரண்டு வர்க்கங்களின் வித்தியாசத்தைப் பிரிக்க ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதம் போதும்: (57 – 4) × (57 + 4). ஆக 53, 61. பூட்டு திறந்துவிட்டது.

155 இலக்க எண்ணுக்கு இத்தனை சுளுவாக ஒரு வர்க்கம் சிக்காது. ஆனால் அங்கும் மூல எண்ணம் இதுதான்: கோடிக்கணக்கான சிறு தொடர்புகளைச் சலித்துச் சேகரித்து, அவற்றைச் சேர்த்துப் பெருக்கி, இரண்டு பக்கமும் வர்க்கம் வரும்படி செய்வது. 1999 ஆகஸ்டில் அனைத்துலகக் கணிதக் குழு ஒன்று சுமார் 300 கணினிகளையும் ஒரு கிரே சூப்பர் கணினியையும் கொண்டு, ஏழு மாதத்துக்கு மேல் உழைத்து, 155 இலக்க ஆர்எஸ்ஏ எண் ஒன்றை முதன்முதலாகப் பிரித்தது. டிஐ-83 பிளஸ் வந்ததும் அதே 1999இல்தான்.

பத்தாண்டு கழித்து, 2009 சூலையில், பெஞ்சமின் மூடி என்ற கால்குலேட்டர் ஆர்வலர் டிஐ-83 பிளஸின் எண்ணைப் பிரித்து இரண்டு பகா எண்களையும் வெளியிட்டார். அவரிடம் சூப்பர் கணினி கிடையாது. 1,900 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இரட்டை உட்கரு ஏத்லான் செயலி கொண்ட சாதாரண வீட்டுக் கணினி, யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கணித மென்பொருள், 5 கிகாபைட்டுக்கும் குறைவான வட்டு இடம், 73 நாள். அவ்வளவுதான். அடுத்த சில வாரங்களில் தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளின் ஓய்வு நேரத்தைச் சேர்த்து மற்ற டிஐ மாடல்களின் எண்களையும் பிரித்து முடித்தார்கள்.

டிஐ வக்கீல்களை அனுப்பியது. எண்களை வெளியிட்டவர்களுக்கும், அது பற்றி எழுதியவர்களுக்கும், அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தைக் காட்டி, நீக்கு என்று கடிதம் போனது. பலர் பயந்து நீக்கினார்கள். எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற உரிமைப் பாதுகாப்பு அமைப்பு அவர்களில் மூவர் சார்பில் அந்த ஆண்டு அக்டோபரில் பதில் எழுதியது. டிஐயின் மென்பொருளை இவர்கள் யாரும் திருடவில்லை. காசு கொடுத்து வாங்கிய கருவியில் தாங்களே எழுதியதை ஓட்டத்தான் சாவி தேவைப்பட்டது. அதைச் சட்டம் தடுக்கவில்லை என்பது அதன் வாதம். வழக்கு எதுவும் வரவில்லை. எண்கள் இன்றும் வெளியில் இருக்கின்றன.

நிறுவனத்தின் அச்சத்தில் ஒரு நியாயம் உண்டு. அதன் வியாபாரமே தேர்வு வாரியங்களின் நம்பிக்கையில் நிற்கிறது. தேர்வில் ஏமாற்ற உதவும் கருவி என்று பெயர் வந்துவிட்டால் தீர்ந்தது. ஆனால் அந்த அச்சத்துக்குப் பரிகாரம் தேர்வு அறையில் தேட வேண்டியது. பிள்ளையின் வீட்டு மேசையில் அல்ல. 512 பிட் எண்ணை 73 நாள் பொறுத்திருந்து பிரித்த ஒருவரை விக்ஸைப் போல அழைத்துப் பேசியிருக்கலாம். கடிதம் அனுப்பியது தவறு என்றே கருதுகிறேன்.

சாவி கிடைத்தபின் வந்தவற்றில் முக்கியமானது நைட்ஓஎஸ். ட்ரூ டிவால்ட் 2010 வாக்கில், பள்ளி மாணவராக இருக்கும்போது தொடங்கியது. யுனிக்ஸ் பாணியில் கோப்புறைகள். ஒரே நேரத்தில் பல நிரல்கள் ஓடும் ஏற்பாடு. பெரும்பகுதி இசட்80 இயந்திர மொழியில். ஒரு நிரல் மற்றொன்றின் நினைவகத்தில் கைவைக்காமல் தடுக்கும் வன்பொருள் எதுவும் அந்தச் செயலியில் இல்லை. ஒவ்வொரு நிரலுக்கும் தனி அடுக்கு ஒதுக்கி, கடிகாரத் துடிப்பு வரும்போதெல்லாம் ஓடுகிற நிரலின் பதிவேடுகளை அதன் அடுக்கில் போட்டுவிட்டு அடுத்ததன் பதிவேடுகளை எடுத்து மாட்ட வேண்டும். நிரல் எந்த முகவரியில் ஏற்றப்படும் என்று முன்கூட்டித் தெரியாததால், அதற்குள் இருக்கும் முகவரிகளை ஓடும் நேரத்தில் திருத்தவும் வேண்டும். பெரிய கணினிகளில் வன்பொருள் செய்து தருவதை இங்கே மென்பொருளே செய்தது. மூல நிரல் முழுவதும் எம்ஐடி உரிமத்தில் வெளியானது. யாரும் படிக்கலாம், மாற்றலாம். டிவால்ட் பின்னாளில் லினக்ஸ் உலகில் பலரும் பயன்படுத்தும் ஸ்வே என்ற சாளர மேலாளரை எழுதியவர்.

அதன் பிறகான கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தேர்வின்போது கருவியின் வசதிகளைக் கட்டுப்படுத்தும் 'தேர்வு முறை'யைத் தாண்டும் வழி ஒன்று 2020இல் வெளியானதும், டிஐ தன் புதிய மாடல்களில் இயந்திர மொழி நிரல்களை ஓட்டும் வசதியையே எடுத்துவிட்டது. பிரான்சில் 2017இல் மூல நிரலைத் திறந்து காட்டியபடி வந்த நம்வொர்க்ஸ் கால்குலேட்டரும் 2021இல் கதவைச் சாத்தியது. ஆர்வலர்கள் ஒவ்வொரு முறையும் புதிய வழி தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி நம் பக்கம். தமிழ்நாட்டில் பிளஸ் டூ தேர்வுக்கு நெடுங்காலம் லாகரிதம் அட்டவணைதான் இருந்தது. பொறியியல் தேர்வில் நிரலெழுத முடியாத சயின்டிஃபிக் கால்குலேட்டருக்கு மட்டும் அனுமதி. காசியோ எஃப்எக்ஸ்-991 இல்லாத பொறியியல் மாணவரைப் பார்ப்பது அரிது. ஆனால் அதில் எழுதிப் பார்க்க ஒன்றும் இல்லை. எனவே கால்குலேட்டர் வழியே இயங்குதளம் கற்ற தலைமுறை ஒன்று நமக்கு வாய்க்கவில்லை.

நமக்கு வாய்த்தது வேறு. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், கந்தர்வகோட்டை, கறம்பக்குடி, ஆவுடையார்கோவில் பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வரை வந்து சேர்ந்தது. அந்தக் கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு உருவாக்கி 2007இல் வெளியிட்ட இயங்குதளம் அது, தமிழிலும் இயங்கும், மூல நிரல் திறந்தது, பூட்டு எதுவும் இல்லை. அங்கே ஒருவர் 73 நாள் கணக்குப் போட்டுத் திறந்த கதவு, நம் பிள்ளைகளின் மடிக்கணினியில் முதல் நாளே திறந்து கிடந்தது. அந்தக் கதவைக் காட்டிக் கொடுத்தவர்கள் குறைவு. கணினியை முடுக்கும்போது வரும் பட்டியலில் இரண்டாவது பெயரைத் தொட்டே பார்க்காமல் பல பிள்ளைகள் படிப்பை முடித்துவிட்டார்கள். இந்தத் தொடரில் நான் எழுதியவற்றுள் எனக்கு மிகவும் வருத்தம் தரும் வரி இது.

காலம் கடந்துவிடவில்லை. இன்றைய பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் இயங்குதளத்துக்கென்றே, 'இயக்க அமைப்பு' என்ற பெயரில், தனி இயல் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் பைதான் வருகிறது. இயலைப் படித்துத் தேர்வு எழுதும் பிள்ளை, ஒரு சிறு இயங்குதளத்தின் உள்ளே போய்ப் பார்க்கத் தடை ஏதும் இல்லை. அதற்கு டிஐ கால்குலேட்டர் வாங்க வேண்டாம். இசட்80 கருவியைக் கணினியிலேயே நடித்துக் காட்டும் மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. நைட்ஓஎஸ் அதில் ஓடும். லினக்ஸ் கருவைப் போலக் கோடிக்கணக்கான வரிகள் அதில் இல்லை. பொறுமையுள்ள மாணவர் ஒரு கோடை விடுமுறையில் அதன் முக்கியப் பகுதிகளைப் படித்துவிடலாம்.

நம் மாவட்டத்துக்கு இது ஒவ்வாத வேலையும் அல்ல. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இங்கே எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. குவாரித் தொழிலாளிகளும் விவசாயக் கூலிகளும் மாலை நேரத்தில் வந்து ஓட்டிப் பழகினார்கள். அதற்குப் பின்னால் இருந்த அறிவியல் இயக்கத் தோழர்களும் ஆசிரியர்களும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். மாவட்டத்தின் மேல்நிலைப் பள்ளிகளில் கணினி அறிவியல் நடத்தும் ஆசிரியர்களே, பாலிடெக்னிக் ஆய்வகப் பொறுப்பாளர்களே: வாரத்தில் ஒரு மாலை, பாடவேளை முடிந்தபின், ஆய்வகத்தைத் திறந்து வையுங்கள். பயிற்சிப் பட்டியல் வேண்டாம், மதிப்பெண் வேண்டாம். மேலே கொடுத்த எட்டு எண்களைப் பலகையில் எழுதிவிட்டு, 04ஐ 05 ஆக்கினால் திரையில் என்ன வரும், ஏன் அது 10 என்று வராது என்று கேளுங்கள். வீட்டில் பழைய மடிக்கணினி தூங்கிக்கொண்டிருந்தால் அதையும் கொண்டுவரச் சொல்லுங்கள். எந்தப் பள்ளியிலாவது இது தொடங்கினால் எனக்கு எழுதுங்கள். இந்தப் பகுதியிலேயே அதைப் பதிவு செய்கிறேன்.

அடுத்த வாரம்: பெங்களூரில் உருவான சிம்ப்யூட்டர்.

(தொடரும்)